செவிலியர் கேள்வி–பதில்: பதிவைப் புதுப்பிக்க வீட்டிலிருந்தே படிப்பது

போன இதழில் பதிவுப் புதுப்பிப்பைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் செவிலியர் 150 மணி நேரத் தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நான் படித்த காலத்தில் தொடர்கல்வி என்றால் பஸ் ஏறிச் சென்னைக்கோ மதுரைக்கோ போய் ஒரு மண்டபத்தில் நாள் முழுவதும் உட்கார வேண்டும். இப்போது நல்ல வகுப்புகள் பல கைபேசிக்கே வந்துவிட்டன. வசதி வந்ததும் கூடவே குழப்பமும் வந்திருக்கிறது என்பது கடிதங்களைப் படித்தால் தெரிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"வணக்கம் அம்மா. ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி. இரண்டு சிறு பிள்ளைகள். புதுப்பிக்க இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. கையில் 38 மணி நேரத்துக்குத்தான் சான்றிதழ் உள்ளது. வாட்ஸ்அப்பில் ஒருவர், பணம் கட்டினால் மீதி மணி நேரம் முழுவதற்கும் சான்றிதழ் தருகிறேன், வகுப்பில் உட்காரவே வேண்டாம் என்கிறார். எங்கள் வார்டில் நான்கு பேர் வாங்கிவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?"
— பெயர் வேண்டாம், திருப்பூர்

வாங்காதே, மகளே. நான்கு பேர் வாங்கியிருந்தாலும் நீ வாங்காதே.

அந்தச் சான்றிதழில் உன் பெயரும் உன் பதிவெண்ணும் இருக்கும். பணம் வாங்கியவனுடைய பெயர் எங்கும் இருக்காது. நாளைக்கு உன் வார்டில் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகி விசாரணை என்று வந்தால், முதலில் எடுத்துப் பார்ப்பது உன் கோப்பைத்தான். "மருந்துப் பிழையைத் தடுப்பது பற்றி 10 மணி நேரம் படித்திருக்கிறீர்களே, என்ன படித்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வாய்? ஒன்பது ஆண்டுகள் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த நல்ல பெயரை ஒரு தாளுக்காகப் பணயம் வைக்காதே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இன்னும் 112 மணி நேரம் வேண்டும். ஐந்து மாதத்தில் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். சிரமம்தான். ஆனால் முடியாதது அல்ல. முதலில் உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் போய், மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் பயிற்சிகளில் எவற்றுக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் பெறப்பட்டிருக்கிறது என்று கேள். பல இடங்களில் தொற்றுத் தடுப்பு, உயிர்காப்பு, மருந்துப் பாதுகாப்பு என்று பயிற்சிகள் நடந்துகொண்டே இருக்கும். அங்கீகாரத்துக்கு யாரும் விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். விண்ணப்பிக்கச் சொல். நீ தனியாகக் கேட்கத் தயங்கினால் வார்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். பத்து நாள் இரவுப் பணி வாங்கிக்கொள்ளும் நிர்வாகம், அந்தச் செவிலியர் படிப்பதற்கு மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்க மறுப்பது நியாயமே இல்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

அடுத்து, வெளியிலுள்ள வகுப்புகள். பணம் கட்டும் முன் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கு: கவுன்சில் அந்த வகுப்புக்குக் கொடுத்த அங்கீகார எண், எத்தனை மணி நேரத்துக்கு அங்கீகாரம், எந்தத் தேதி வரை செல்லும். இவை அறிவிப்பில் இல்லையென்றால் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் அலுவலகத்தை நேரடியாகக் கேட்டுவிடு. நேரலை வகுப்பு என்றால் எத்தனை நிமிடம் இருந்தாய் என்பது பதிவாகும். பாதியில் கைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால் சான்றிதழ் வராமல் போகலாம்.

அப்படியும் மணி நேரம் போதவில்லையா? உள்ளதை உள்ளபடி கவுன்சிலுக்கு எழுதி, என்ன வழி என்று கேள். புதுப்பிப்புத் தள்ளிப்போனால் அலைச்சல் உண்டு, செலவு உண்டு. இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம். பொய்ச் சான்றிதழால் பெயர் கெட்டால் அதைச் சரிசெய்ய எந்த அலுவலகத்திலும் வழியில்லை.

அடுத்த சுற்றுக்கு ஒன்று சொல்கிறேன், காலண்டரில் எழுதி வைத்துக்கொள். 150 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 30, மாதத்துக்கு இரண்டரை. மாதம் இரண்டரை மணி நேரம் என்று தொடங்கியவர்கள் யாரும் ஐந்தாம் ஆண்டில் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

"அரசு மருத்துவமனையில் 26 ஆண்டு அனுபவம். எத்தனையோ டாக்டர்களுக்கே ஊசி போடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இந்த வயதில் திரையில் யாரோ ஒரு சின்னப் பெண் ஸ்லைடு காட்டி எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறாள்? இது வெறும் சடங்கு என்றுதான் தோன்றுகிறது."
— ஒரு மூத்த செவிலியர், திருநெல்வேலி

உங்கள் அனுபவத்துக்கு என் வணக்கம். நானும் உங்களைப் போலவே நினைத்தவள். என் எண்ணம் எப்படி மாறியது என்பதை இதுவரை இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

1981-இல் மதுரையில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். சாயங்காலம் நான்கு மணி என்றால் முதுகுப் பராமரிப்பு. டிரேயில் வெந்நீர்ப் பேசின், சோப்பு, இரண்டு துண்டு, ஒரு சின்னக் குப்பியில் ஸ்பிரிட், ஒரு டப்பா பவுடர். அந்த வாசனை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, உள்ளங்கையில் ஸ்பிரிட் ஊற்றி, வால் எலும்பின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். "நல்லா சிவக்கத் தேய், ரத்தம் ஓடினால் புண் வராது" என்பார் எங்கள் சிஸ்டர். கடைசியில் பவுடர். செய்முறைத் தேர்வில் இதற்குத்தான் எனக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது.

1988-இல் நானே ஆசிரியரானேன். அதே டிரே, அதே ஸ்பிரிட், அதே வட்டம். என் மாணவிகளின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

2013-இல் ஓர் இரவு, மணி நேரம் சேர்க்க வேண்டுமே என்று வேண்டா வெறுப்பாக ஓர் ஆன்லைன் வகுப்பைத் திறந்தேன். தலைப்பு: படுக்கைப்புண். இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று பக்கத்தில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டே கேட்டேன். பேசிய பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். திரையில் ஒரு படம் வந்தது: வால் எலும்பின் மேல் சிவந்த தோல், அதை அழுத்தும் ஒரு விரல். விரலை எடுத்ததும் அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அடியிலுள்ள திசு ஏற்கெனவே நசுங்கிவிட்டது. அதுதான் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. "இந்த இடத்தைத் தேய்த்தால், நசுங்கிய நுண்ணிய ரத்தக் குழாய்களை நாமே கிழிக்கிறோம். ஸ்பிரிட் தோலை உலர்த்திக் கெடுக்கிறது" என்றார் அந்தப் பெண். எலும்பு துருத்தும் இடங்களில் மசாஜ் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் வழிகாட்டி 1992-லேயே சொல்லிவிட்டதாம்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். விடைத்தாள் கட்டை மூடி வைத்தேன். 1992! நான் ஆசிரியராகி நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் இருபத்தோரு ஆண்டுகள், ஆண்டுக்கு நாற்பது பேர் என்று வைத்தாலும் எண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிவக்கச் சிவக்கத் தேய்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் எத்தனை வார்டுகளில், எத்தனை முதியவர்களின் முதுகில் தேய்த்திருப்பார்கள்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1981-இல் தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டி ஆறு வாரம் படுத்திருந்த ஒரு தாத்தாவின் முகம் வந்து வந்து போனது. என் கையால் தினமும் அவருக்குத் தேய்த்தேன். அவருக்குப் புண் வந்தது. "நீ நல்லாத்தானே தேய்ச்சே பாப்பா" என்று என்னைத் தேற்றினார்.

மறுநாள் காலை வகுப்பில் டிரேயை வைத்து, ஸ்பிரிட் குப்பியையும் பவுடர் டப்பாவையும் வெளியே எடுத்து, "இதுவரை நான் சொல்லிக்கொடுத்தது தவறு" என்று மாணவிகளிடம் சொன்னேன். காற்று வளையத்தையும் அன்றே எடுத்து வைத்தேன். நடுவில் ஓட்டையிருக்கும் அந்த வளையம் சுற்றியுள்ள இடத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். வேண்டியதெல்லாம் நேரத்துக்கு நேரம் நிலை மாற்றிப் படுக்க வைப்பது, தோலை ஈரமில்லாமல் சுத்தமாக வைப்பது, நல்ல சாப்பாடு, நாளுக்கு ஒருமுறையாவது விரலால் அழுத்திப் பார்ப்பது. பிறகு ஒரு மாதம், முகவரி கிடைத்த பழைய மாணவிகளுக்கெல்லாம் எழுதினேன். சிவகாசியிலிருந்து ஒரு மாணவி பதில் போட்டாள்: "எங்கள் வார்டில் இன்று காலை வரை தேய்த்தோம், மேடம்."

அம்மா, 26 ஆண்டு அனுபவம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கண்ணை எந்தத் திரையும் கொடுக்காது. வார்டுக்குள் நுழைந்ததும் எந்தப் படுக்கை சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நமக்குச் சொல்லித்தந்தவர்கள் தவறாகச் சொல்லித்தந்ததை நம் அனுபவம் திருத்தாது; மேலும் மேலும் உறுதிப்படுத்தும். எனக்கு அதைத் திருத்தியது நீங்கள் சொல்கிற அந்தச் சின்னப் பெண்தான். ஒரே ஒரு வகுப்பை, தலைப்பு நன்றாகத் தெரியும் என்று நீங்கள் நினைக்கும் விஷயத்திலேயே, முழுதாகக் கேட்டுப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

"மேடம், நான் ஆண் செவிலியர். உயிர்காப்புப் பயிற்சியை முழுவதும் ஆன்லைனில் முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். வேலைக்குப் போன இடத்தில் இது செல்லாது என்கிறார்கள். பணம் போனதுதான் மிச்சமா?"
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பிரதர், அவர்கள் சொல்வது சரி. அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். என்னும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப் பகுதியை ஆன்லைனில் படிக்கலாம். ஆனால் செய்முறையை நேரில் பொம்மையின் மீது செய்து காட்டினால்தான் அட்டை கிடைக்கும். அந்த அட்டையும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான்.

ஏன் நேரில் என்று பொம்மையின் முன் முழங்காலிட்டவர்களுக்குத் தெரியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அழுத்த வேண்டும் என்பதைத் திரையில் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் என்பது எவ்வளவு ஆழம் என்று கைக்குத் தெரிய வேண்டுமே! முதல் முறை அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயம். முழங்கை மடங்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுதாக மேலே வர விட மறந்து கையை ஊன்றியே இருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் தோள் தளர்ந்து ஆழம் குறைவது நமக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர்தான் "ஆள் மாறு" என்பார்.

இதிலும் பாடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தனி ஆளாக 15 முறை அழுத்தி 2 முறை ஊது என்று நாங்கள் படித்தோம். 2005-இல் அது 30-க்கு 2 என்று மாறியது. முதலில் மூச்சுப் பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம் என்றிருந்த வரிசையை 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் புரட்டிப்போட்டு, முதலில் மார்பை அழுத்தத் தொடங்கு என்றது. பழைய வரிசையிலேயே நிற்கிற செவிலியர் மூச்சுப் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் விநாடிகளில் மூளைக்கு ரத்தம் போகாது.

நீங்கள் படித்த பாடம் வீணில்லை. நேர்முகச் செய்முறையுடன் கூடிய ஒரு பயிற்சியில் சேர்ந்து முடியுங்கள். முழுவதும் ஆன்லைனில், பத்தே நிமிடத்தில் உயிர்காப்புச் சான்றிதழ் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இனிப் போகாதீர்கள்.

"கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். வகுப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. கடைசியில் வரும் கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகப் பதில் அழுத்தித் தேர்ச்சி பெற்றுவிடுகிறேன். மனசு உறுத்துகிறது."
— ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதுவே உங்களைப் பற்றி எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

தவறு உங்களுடையது அல்ல. நீங்கள் பேசும் தாய்மார்கள் தமிழில் பேசுகிறார்கள். உங்கள் பதிவேடு தமிழில் இருக்கிறது. உங்களுக்கான வகுப்பு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்? துணை செவிலியர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் நடத்தும் வகுப்பு தமிழில் இருந்தால்தான் அங்கீகாரம் என்று விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைப் பற்றிப் பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனியும் கொடுப்பேன்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதை ஒரு தாயிடம் சொல்வது போலத் தமிழில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிய வகுப்பு என்று வையுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் துத்தநாக மாத்திரை 14 நாள் என்று ஸ்லைடில் இருக்கும். 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய சொல் போடுவார்கள். நீங்கள் உங்கள் நோட்டில், "மூன்றாம் நாளே பேதி நின்றுவிடலாம். நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதே தாயி. மீதி நாள் கொடுப்பது, இனி வராமல் இருப்பதற்கு" என்று எழுதுங்கள். அப்படி எழுத முடிந்தால் வகுப்பு புரிந்துவிட்டது என்று அர்த்தம். எழுத முடியவில்லையென்றால் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தை வகுப்பு நடத்துகிறவரிடம் தமிழிலேயே கேளுங்கள். கேள்விப் பெட்டியில் தமிழில் தட்டச்சு செய்யலாம். ஒருவர் கேட்டால் இன்னும் இருபது பேர் கேட்பார்கள்.

"இங்கிலாந்தில் லெஸ்டரில் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டு முடியப் போகிறது. ஆன்லைனில் 40 மணி நேரம் படித்துவிட்டேன். ஆனாலும் போதாது என்று தோழி பயமுறுத்துகிறாள்."
— ஒரு வாசகி

தோழி சொல்வதில் விஷயம் இருக்கிறது. அங்கே 2016 ஏப்ரலில் வந்த மறுமதிப்பீட்டு முறைப்படி 3 ஆண்டுகளில் 35 மணி நேரத் தொடர்கல்வி போதும். ஆனால் அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். நீங்கள் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படித்த 40 மணி நேரமும் அந்த 20-இல் சேராது. அதே ஆன்லைனில், மற்றவர்கள் இருக்க, கேள்வி கேட்டுப் பேசிக் கலந்துகொண்ட நேரலை வகுப்பு சேரும். உங்கள் நோட்டைப் புரட்டி எது எது அப்படிப்பட்டது என்று முதலில் பிரியுங்கள். தீயணைப்புப் பயிற்சி போன்று உங்கள் செவிலியப் பணியோடு நேரடித் தொடர்பில்லாத கட்டாயப் பயிற்சிகளையும் கணக்கில் எடுக்க முடியாது.

இதுபோக 450 மணி நேரப் பணி, உங்கள் பணியைப் பற்றிப் பிறர் சொன்ன 5 கருத்துகள், நீங்களே எழுதும் 5 அனுபவக் குறிப்புகள், பதிவு பெற்ற மற்றொரு செவிலியருடன் அவற்றைப் பற்றிய உரையாடல், கடைசியில் ஒருவர் உறுதி செய்வது எல்லாம் உண்டு. குறிப்புகளில் நோயாளி யார் என்று அடையாளம் தெரியும் எந்த விவரமும் இருக்கக் கூடாது.

அந்த ஐந்து குறிப்புகள் எழுதும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றேன், என் வேலையில் எதை மாற்றினேன் என்று எழுதச் சொல்கிறார்கள். நம் ஊரிலும் வெறும் மணி நேரத்தை மட்டும் எண்ணாமல், ஐந்து ஆண்டுகளுக்கு ஐந்து பக்கம் இப்படி எழுதச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"என் மகள் கலிபோர்னியாவில் செவிலியர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்கிறாள். இங்கே இந்தியாவில் நடக்கும் ஆன்லைன் வகுப்பை அவள் அங்கே காட்டலாமா? செலவு குறையுமே."
— ஒரு தாய், நாகர்கோவில்

காட்ட முடியாதம்மா. 30 மணி நேரம் என்பது சரி. அந்த மாநிலத்தின் செவிலியர் வாரியம் ஏற்றுக்கொண்ட அமைப்புகள் நடத்தும் வகுப்பாக இருக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு என்பதில் தடையில்லை. நடத்துகிறவர் யார் என்பதுதான் கேள்வி. சான்றிதழ்களை நான்கு ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வாரியம் தணிக்கைக்குக் கேட்டால் காட்ட வேண்டும். வேறு மாநிலத்துக்கு மாறினால் கணக்கும் மாறும். டெக்சாஸில் இரண்டு ஆண்டுக்கு 20 மணி நேரம்தான்.

"மெடிக்கல் ஷாப்பில் பதிவு பெற்ற மருந்தாளுநர் நான். எங்களுக்கும் இப்படி உண்டா?"
— ஒரு வாசகர், விழுப்புரம்

உண்டு, தம்பி. 2015-இல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகளின்படி 5 ஆண்டுகளில் குறைந்தது இரண்டு புத்தொளிப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குக் குறையாமல். எங்கள் 150 மணி நேரத்தோடு பார்த்தால் குறைவுதான். புதுப் புது மருந்துகள் முதலில் வந்து இறங்குவது உங்கள் அலமாரியில் என்பதால் இரண்டோடு நிறுத்தாதீர்கள்.

"என் மனைவி ஐ.சி.யூ. செவிலியர். பணி முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கைபேசியில் வகுப்பு என்று உட்கார்ந்துவிடுகிறாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டே பாத்திரம் துலக்குகிறாள். உடம்பு என்ன ஆகும்? இதை நிறுத்தச் சொல்லலாமா?"
— ஒரு கணவர், தஞ்சாவூர்

உங்கள் கவலை புரிகிறது. வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள் ஐயா. பாத்திரத்தை நீங்கள் துலக்குங்கள்.

மாதம் இரண்டரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றேகால் மணி நேரம், மற்றொரு நாள் மாலை ஒன்றேகால் மணி நேரம் என்று பிரித்துக்கொண்டாலே போதும். அந்த நேரம் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, மேசையில் நோட்டு வைத்து அவர் படிக்கட்டும். ஐ.சி.யூ.வில் ஊசிமருந்தின் அளவைக் கணக்கிடும் பெண் அந்தப் பாடத்தைக் குழாய்த் தண்ணீரின் சத்தத்தில் கேட்கக் கூடாது. இவ்வளவு அக்கறையாகக் கடிதம் எழுதிய நீங்கள் இதையும் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

"சான்றிதழ்களை எப்படிப் பத்திரப்படுத்துவது? கைபேசி தொலைந்ததில் பதினொரு சான்றிதழ் போய்விட்டது."
— ஒரு வாசகி, சேலம்

வகுப்பு நடத்திய ஒவ்வொருவருக்கும் உங்கள் பதிவெண், வகுப்புத் தேதி இரண்டையும் குறிப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் மறுபடி அனுப்புவார்கள். இனிமேல் சான்றிதழ் வந்த அன்றே மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். ஒன்றை அச்செடுத்துக் கோப்பில் குத்துங்கள். பெயரின் எழுத்து ஆதாரிலும் பதிவுச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேசியப் பதிவேட்டில் செவிலியருக்கான தனி அடையாள எண் ஆதாரோடு இணைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முன்னெழுத்தை மாற்றிக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"நீங்கள் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இன்னும் பதிவைப் புதுப்பிக்கிறீர்களா?"
— ஒரு பழைய மாணவி, சிவகாசி

புதுப்பிக்கிறேன், கண்ணு. வார்டு இல்லை, மாணவிகள் இல்லை. ஆனாலும் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை படிக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் ஒரு மாலை வகுப்பு. மறுபடியும் படுக்கைப்புண்தான், அந்தத் தலைப்பை எங்கே பார்த்தாலும் சேர்ந்துவிடுகிறேன். அன்று குதிகாலைப் பற்றி நிறையப் பேசினார்கள். குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்காதே, கெண்டைக்காலின் நீளத்துக்கு வை, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும் என்றார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி விழுந்து மூன்று வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். வகுப்பு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். தலையணையைச் சரியாகக் குதிகாலுக்கு அடியில்தான் வைத்திருந்தார் மருமகள். இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்தது, பிறகு சிவந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. மருமகளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் காலைத் தூக்கித் தலையணையைக் கெண்டைக்காலுக்கு இழுத்து வைத்தோம். மெத்தைக்கும் குதிகாலுக்கும் நடுவே அவருடைய உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். நுழைந்தது.